சிறுநீர்க் கசிவுக்கு இடுப்புத்தளப் பயிற்சி: தொடங்குவது எப்படி?

வெள்ளவத்தையில் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போய்வர வேண்டுமென்றால், காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் குடியாமல் கிளம்பும் பெண்கள் பலர் உண்டு. இரண்டாவது பிரசவத்தின் பின்னர் நானும் அப்படித்தான் இருந்தேன். "பிள்ளை பெற்றால் இதெல்லாம் வழமைதானே" என்று வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். பலருக்கு வருவது என்ற அளவில் அது வழமைதான். ஆனால் பொறுத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டிய ஒன்றல்ல.

முதலில், உங்களுடையது எவ்வகைக் கசிவு என்று அறிய வேண்டும். இருமினாலோ, தும்மினாலோ, தண்ணீர் வாளியைத் தூக்கினாலோ சொட்டுவது ஒரு வகை. வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போதே அடக்க முடியாத அவசரம் வந்து, கழிவறைக்குள் நுழையுமுன் கசிவது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தும் வரலாம். மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியில், என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தீர்கள், எப்போது, என்ன செய்கையில் கசிந்தது என்று எழுதுங்கள். சிறுநீரில் இரத்தம், எரிவு, காய்ச்சல் இருந்தால் பயிற்சிக்கு முன்னர் மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம், சிறுநீர் கழிக்கவே முடியாமை ஆகியவை திடீரெனத் தோன்றினால் தாமதியாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது தசையைக் கண்டுபிடிப்பது. என் அனுபவத்தில் வேலையின் பாதி இதுதான். இடுப்புத்தளத் தசைகள், முன்னே, அடிவயிற்றின் கீழ்முனையில் தட்டுப்படும் பூப்பென்பிலிருந்து பின்னே வாலென்பு வரை ஓர் ஊஞ்சற் சீலைபோல விரிந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்குகின்றன. முழங்கால்களை மடித்து மல்லாந்து படுத்து, நாலு பேருக்கு நடுவில் காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முன்பக்கம் கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி உயர்த்துங்கள். இதன்போது பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. ஆண்கள் ஆணுறுப்பின் அடி சற்று உள்ளிழுபடுவதைக் கொண்டு இதை அறியலாம்.

ஐயமிருந்தால், ஒரு சிறிய துவாயை உருளையாகச் சுருட்டி, மெத்தையில்லாத மரக் கதிரையில் வைத்து, அதன்மேல் இரு கால்களையும் இருபுறம் வைத்து அமருங்கள். சரியாகச் சுருக்கினால் உடல் துவாயிலிருந்து மெல்ல விலகி மேலெழுவதுபோல் தோன்றும். துவாயின்மீது அழுத்தம் கூடினால் நீங்கள் கீழ்நோக்கி முக்குகிறீர்கள். பல வாரம் முக்கிக்கொண்டிருந்தவள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1948இல் இப்பயிற்சியைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் பெண்ணோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கீகல், தசை உண்மையாகவே சுருங்குகிறதா என்று பெண்களே பார்த்தறிவதற்கு அழுத்தமானி ஒன்றையும் உருவாக்கியிருந்தார். 'கீகல் பயிற்சி' என்று அவரது பெயர் பரவிய அளவுக்கு அந்தக் கவனம் பரவவில்லை. இன்னொன்று: சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள், பை முழுதாகக் காலியாவதை அது குழப்பக்கூடும்.

இனிப் பயிற்சி. சுருக்கி மூன்று முதல் ஐந்து விநாடி வரை பிடித்து, அதே அளவு நேரமாவது முழுதாகத் தளர்த்துங்கள். இவ்வாறு எட்டுத் தடவை. பின்னர் விரைவாகச் சுருக்கி விடுவது பத்துத் தடவை. காலை, மதியம், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை செய்து, வாரங்கள் செல்லச் செல்லப் பிடிக்கும் நேரத்தைப் பத்து விநாடி வரை கூட்டலாம். தளர்த்துவதும் பயிற்சியே, வலி இருந்தாலோ, தசையை விடவே முடியாதிருந்தாலோ நிறுத்திவிட்டு ஆலோசனை பெறுங்கள்.

இருமலோ தும்மலோ வருவதை உணர்ந்தவுடன், அல்லது வாளியைத் தூக்குமுன், முன்கூட்டியே சுருக்கிப் பிடித்துப் பழகுங்கள். அவசரம் வந்தால் ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நின்று ஐந்தாறு முறை விரைவாகச் சுருக்கி, அவசரம் தணிந்த பின்னர் நடந்து போங்கள். தண்ணீரைக் குறைப்பதால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும்; குறைக்க வேண்டியது பிளேன்டீயையும் கோப்பியையுமே. மலச்சிக்கலையும் கவனிக்க வேண்டும், முக்கும் ஒவ்வொரு தடவையும் அதே தசைகள்தான் கீழே தள்ளப்படுகின்றன.

குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் செய்தபின், மறுபடியும் மூன்று நாள் குறிப்பை எழுதிப் பழைய பக்கத்தின் அருகே வைத்துப் பாருங்கள். மாற்றம் தெரியாவிட்டால், இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு, பிசியோ என்று நாம் சொல்லும் இயன்மருத்துவரிடம் செல்லுங்கள். கொழும்பின் பெரிய அரச மருத்துவமனைகளிலும் இயன்மருத்துவப் பிரிவுகள் உள்ளன. இடுப்புத்தளச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். உட்பரிசோதனை தேவைப்பட்டால் உங்கள் சம்மதத்துடனேயே அது செய்யப்பட வேண்டும். வேண்டாம் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.