ஊருக்கு நல்ல தண்ணீர்: எங்கிருந்து தொடங்குவது?

நல்ல தண்ணீர் இல்லாத ஊருக்கு உதவப் போகிறீர்களா? போனதும் போர் போடாதீர்கள், முதலில் இருக்கிற தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நிலத்தடி நீரில் கலந்திருந்து உடம்பைக் கெடுக்கும் ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் கண்ணுக்குத் தெரியாது, வாடையும் வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, லிட்டருக்கு ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டினால் கொதிக்க வைத்துப் பயனில்லை, தண்ணீர் சுண்டச் சுண்ட அவை இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும், வேறு ஊற்றோ அதற்கென்றே உள்ள வடிகட்டியோ வேண்டும்.

கிருமிதான் சிக்கல் என்றால் பெரும்பாலும் குளோரினே போதும். கலங்கலைத் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, அப்புறம் குளோரின் மருந்து கலந்து 30 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு சோதனைக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, குளோரின் இருப்பதை நிறத்தால் காட்டும் டிபிடி (DPD) சோதனை மாத்திரையைப் போட்டுக் குலுக்குங்கள்: இளஞ்சிவப்பு வந்தால் குளோரின் மிச்சமிருக்கிறது, நிறமே வராவிட்டால் மருந்து போதவில்லை. லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிச்சமிருந்தால் சரி.

இவ்வளவும் செய்துவிட்டு வீட்டில் வாய் அகன்ற குடத்தில் கையை விட்டு மொண்டால் எல்லாம் வீண், அதனால் குழாய் வைத்த மூடிய பாத்திரம் கொடுங்கள்.

கடைசியாக, பராமரிப்பு. தேய்ந்துபோன ஒரு வாஷரை மாற்ற ஆளில்லாமல் எத்தனையோ அடிபம்புகள் துருப்பிடித்து நிற்கின்றன, பார்த்தாலே மனது வலிக்கும். தினமும் தண்ணீர் எடுக்கும் பெண்களில் இரண்டு பேருக்காவது அதைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுங்கள், ஸ்பேனரையும் உதிரி வாஷர்களையும் அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.