ஊமையான கிட்டார் ஆம்ப்பைப் பழுதுபார்க்கும் முறை

பத்து, இருபது வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று திடீரென ஊமையானால், ஐசி (ஒலியை வலுவாக்கும் சிப்) போய்விட்டது என்று முடிவுகட்டி உடனே சால்டரிங் அயர்னைச் சூடாக்குபவர்களே அதிகம். ஆனால் இந்த ஆம்ப்களில் முதலில் பழுதாவது பெரும்பாலும் நாம் தினமும் இழுத்துச் செருகும் கேபிளும் ஜாக்கும்தான். எனவே வேறு கிட்டாரையும் வேறு கேபிளையும் மாற்றிப் பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்பாக இருந்தால் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் (மின்னூட்டத்தைச் சேமிக்கும் பாகங்களில்) 300, 400 வோல்ட் தேங்கி நிற்கக்கூடும்.

அடுத்து ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதில் ஒலி கேட்டு, ஸ்பீக்கரில் மட்டும் கேட்கவில்லை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். பல சிறிய ஆம்ப்களில் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் ஹெட்போன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டின் வழியாகவே செல்கிறது. பிளக்கைச் செருகும்போது விலகி, எடுத்ததும் மீண்டும் படிய வேண்டிய அந்தத் தகடு கறுத்துப்போனால் ஸ்பீக்கர் மௌனமாகிவிடும். கான்டாக்ட் கிளீனரைச் சிறிது பீய்ச்சி, பிளக்கைப் பத்துப் பன்னிரண்டு முறை செருகி எடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் ஸ்பீக்கரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 அல்லது 7 ஓம் காட்டும்.

கேபிளை அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால், இன்புட் ஜாக்கின் கால்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நட்டு தளர்ந்து ஜாக் சுழன்றிருந்தால், காலைச் சுற்றியுள்ள ஈயத்தில் மயிரிழை போன்ற வளையக் கீறல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே நல்லது. மேலே ஒரு சொட்டு அப்பினால் ஒரே மாதத்தில் மறுபடியும் விட்டுவிடும்.

வோல்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ரீங்காரம் குறையவில்லை என்றால் பவர் சப்ளையின் பெரிய கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். குமிழைத் திருப்பும்போது ரீங்காரமும் கூடிக் குறைந்தால் கோளாறு கிட்டார், கேபிள், எர்த் பக்கம் இருக்கிறது.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் பெரிய ஃபியூஸைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஆம்ப்புக்கு வரும் மெயின் மின்கம்பியில் தொடராக இணைத்து, ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பை இயக்குங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் டையோடோ ஐசியோ ஷார்ட் ஆகியிருக்கிறது. டிடிஏ2030 போன்ற ஐசி, நேர்-எதிர் இரட்டை சப்ளையில் இயங்கும்போது, ஸ்பீக்கர் முனைகளில் டிசி மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். சில வோல்ட் தெரிந்தால் பெரும்பாலும் ஐசியை மாற்ற வேண்டியிருக்கும். அதன் உலோக முதுகு எதிர் சப்ளையுடன் உள்ளேயே இணைந்திருப்பதால், அதற்கும் ஹீட் சிங்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டுக்கும்) இடையில் இருந்த, மின்சாரம் கடத்தாத மைக்கா தகட்டை மறக்காமல் திரும்ப வைக்க வேண்டும். இதை மறந்து புது ஐசியை நொடியில் இழந்தவர்களில் நானும் ஒருவன். பொருத்தியதும் மீண்டும் பல்பு வழியாகவே இயக்கி, டிசி இல்லை என்று அளந்து பார்த்த பிறகு ஸ்பீக்கரை இணையுங்கள்.