லுவார் ஆற்றங்கரை மாளிகைகளும் தோட்டங்களும்: காரில் போக முதல்முறை திட்டமிடுபவர்களுக்கு

பிரான்சில் மாளிகை பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு, வரைபடத்தில் புள்ளி வைத்து இணைக்க ஆரம்பிப்பார்கள். மூன்றாவது மாளிகையிலேயே எல்லாக் கட்டிலும் ஒரே கட்டிலாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அதனால் நான் தலைகீழாகத் திட்டமிடச் சொல்வேன். முதலில் தோட்டம், பிறகு மாளிகை, கடைசியில்தான் சாலை. மாளிகையின் உள்ளே இருப்பது ஜனவரியிலும் அதேதான், ஜூலையிலும் அதேதான். தோட்டம் அப்படியில்லை.

முதல்முறை போகிறவர்களுக்கு லுவார் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சுல்லி-சூர்-லுவாரிலிருந்து ஷலோன் வரை ஆற்றை ஒட்டிய சுமார் 280 கி.மீ. நீளப் பகுதியை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவையும் ஓட்டத் தேவையில்லை. ப்ளுவாவுக்கும் தூர் நகருக்கும் நடுவிலும் சுற்றிலும் இருப்பதே நான்கு நாளுக்குத் தாராளம்.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே கடைசி முதல் ஜூன் நடு வரை ரோஜாக் காலம். வெயில் சுடாது, பள்ளி விடுமுறைக் கூட்டமும் இன்னும் வந்திருக்காது, இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூன் தொடக்கத்து வாரக்கடைசியில் நாடு முழுக்க ‘ராந்தேவு ஓ ழார்தேன்’ என்ற தோட்ட விழாவும் நடக்கும். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் தனியார் தோட்டங்கள் சில அப்போது திறக்கும்.

செப்டம்பரும் நல்ல தேர்வு. காய்கறித் தோட்டங்கள் நிறைந்திருக்கும், மூன்றாவது வாரக்கடைசியில் பாரம்பரியச் சின்னங்களுக்கான சிறப்பு நாட்கள் வரும். ஜூலை, ஆகஸ்டில் போகத்தான் முடியும் என்றால் போங்கள், ஆனால் காலை ஒன்பது மணிக்கு வாசலில் நிற்கத் தயாராக இருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை தோட்டத்துக்காகப் போகாதீர்கள்.

படி 2: ஒரே ஊரில் தங்குங்கள்

தினமும் பெட்டி கட்டி ஊர் மாறும் பயணம் இங்கே வீண். தூரங்கள் அவ்வளவு சின்னவை. என் தேர்வு அம்புவாஸ். தூரிலிருந்து சுமார் 25 கி.மீ., ஷெனொன்சோ மாளிகைக்கு 15 கி.மீ.கூட இல்லை, ப்ளுவா சுமார் 35 கி.மீ. இரவில் கடைத்தெருவில் நடக்கலாம், மாளிகையும் ஊருக்குள்ளேயே இருக்கிறது. காரில்லாமல் சில இடங்களுக்கு ரயிலிலும் போக நினைப்பவர்களுக்கு தூர் வசதி. ‘ஷாம்ப்ர் தோத்’ எனப்படும் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகளில் காலை உணவும் கிடைக்கும், வீட்டுக்காரர் சொல்லும் உள்ளூர் யோசனையும் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

படி 3: காகிதங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோடைக்குப் போகிறவர்கள் கடைசி நேரம்வரை காத்திருக்காதீர்கள், நேர்காணலுக்கு இடம் கிடைப்பதே பாடு. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுகட்டும் பயணக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய முன்பதிவுகளையே போடுங்கள்.

உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இந்தியாவில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் தருகிறது, பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், ஓராண்டு செல்லும். இலங்கையில் ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. அசல் உரிமத்தை வீட்டில் வைத்துவிட்டு அனுமதியை மட்டும் கொண்டுபோனால் செல்லாது, இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

படி 4: காரைப் பாரிசில் எடுக்காதீர்கள்

நீண்ட விமானப் பயணம் முடிந்த களைப்போடு, பழக்கமில்லாத பக்கத்தில், பாரிஸ் வட்டச்சாலையில் ஓட்டுவது வேண்டாத வேலை. மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் தூரை அடுத்த சேன்-பியேர்-தே-கோர் வந்துவிடும். ஷார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்தும் அங்கே நேரடி ரயில்கள் உண்டு. நிலையத்திலேயே வாடகைக் கார் அலுவலகங்கள் இருக்கின்றன.

அலுவலக நேரத்தைக் கவனியுங்கள். சிறிய ஊர்களில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டுவரை பூட்டிவிடுவார்கள், ஞாயிறு பலவற்றுக்கு விடுமுறை. முன்பணத்துக்கு ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு கேட்பார்கள். மனைவி ஓட்டப்போகிறார், கார்டு கணவர் பெயரில் என்றால் வாசலிலேயே தகராறு. குறைந்த வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் கியர் வண்டி. நம் ஊரில் கியர் பழகியவர்களும் இங்கே வலது கையால் போட வேண்டும், முதல் நாள் கை கதவைத்தான் தேடும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து ஆட்டோமேட்டிக் எடுப்பது எனக்குத் தெரிந்து வீண் செலவே இல்லை.

சாவி வாங்கியதும் நான்கு பக்கமும் சக்கரங்களும் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மேல்சட்டையும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள், இரண்டும் சட்டப்படி கட்டாயம்.

படி 5: சாலையில்

வலப்பக்கம் ஓட்டுவது ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். பழகாமல் படுத்துவது ‘ப்ரியோரித்தே ஆ துருவாத்’. குறுக்குச் சந்திப்பில் எந்தப் பலகையும் கோடும் இல்லை என்றால், வலப்பக்கத்துச் சந்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்தாலும் அவர் நிற்காமல் வந்து நுழைவார், தவறு உங்களுடையது. ஊர்களுக்குள் வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் பார்த்தபடியே போங்கள். மஞ்சள் சாய்சதுரப் பலகை தெரிந்தால் முன்னுரிமை உங்களுக்கு, அதன்மேல் கறுப்புக் கோடு இருந்தால் அது முடிந்துவிட்டது. ரவுண்டானாவில் இதற்கு நேர்மாறு: உள்ளே இருப்பவருக்கு வழிவிட வேண்டும், இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

வேக வரம்பு: கட்டண நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. நடுவில் தடுப்பில்லாத நாட்டுப்புறச் சாலையில் பொதுவாக 80. சில மாவட்டங்களில் 90 ஆக்கியிருக்கிறார்கள், பலகையைப் பாருங்கள். ஊருக்குள் 50, பல இடங்களில் 30. சிவப்பு ஓரம் போட்ட ஊர்ப் பெயர்ப்பலகை வெறும் பெயர்ப்பலகை இல்லை, 50 அங்கேயே தொடங்கிவிடுகிறது. 50 என்று தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். அதே பெயரைச் சிவப்புக் கோட்டால் அடித்திருந்தால் ஊர் முடிந்தது என்று பொருள். கேமரா பிடித்தால் அபராதம் வாடகை நிறுவனம் வழியாக உங்களைத் தேடி வரும், நிறுவனம் தன் பங்குக்கும் ஒரு தொகை எடுக்கும்.

சுங்கச்சாவடியில் ஆரஞ்சு நிற ‘டி’ எழுத்து மட்டும் இருக்கும் தடத்தில் போகாதீர்கள், அது வண்டியில் கருவி பொருத்தியவர்களுக்கு. பச்சை அம்புக்குறியோ கார்டு படமோ உள்ள தடத்தில் போங்கள்.

தூருக்கும் அம்புவாசுக்கும் இடையில் வுவ்ரே ஒயின் ஊர். சுவைத்துப் பார்க்க அழைக்கும் பலகைகள் வழியெல்லாம் இருக்கும். இரத்த ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், ஓட்டுகிறவர் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்த் திறப்பதே நல்லது.

படி 6: நாள் திட்டம்

ஒரு நாளைக்கு இரண்டு இடம். அதிலும் ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மூன்றாவதை யாராவது சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வந்து சேரும் நாள் மாலை அம்புவாசிலேயே இருங்கள். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் அழைப்பில் 1516-ல் இங்கே வந்த லியொனார்டோ டா வின்சி, பக்கத்திலுள்ள க்ளோ லூசே வீட்டில் 1519 மே 2 அன்று இறந்தார். அவருடைய கல்லறை அம்புவாஸ் மாளிகை வளாகத்துச் சிறு தேவாலயத்தில் இருக்கிறது. மாளிகையின் மேல்தளத்திலிருந்து ஆற்றைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

அடுத்த நாள் காலை ஷெனொன்சோ, திறக்கும் நேரத்துக்கே. பத்தரைக்கு மேல் பேருந்துக் கூட்டம் வந்துவிடும். ஷேர் ஆற்றின்மேல் பாலமாக நிற்கும் மாளிகை இது. மன்னர் இரண்டாம் ஆன்ரி தன் காதலி தியான் தெ புவாத்தியேவுக்குக் கொடுத்தார். 1559-ல் ஆன்ரி இறந்ததும் ராணி காத்தரின் தெ மெதிசி அதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஷோமோன் மாளிகையைத் தியானுக்குத் தந்தார். இருவரின் தோட்டங்களும் இன்றும் மாளிகைக்கு இரு பக்கமும் இருக்கின்றன. தியானுடையதுதான் பெரிது. உள்ளே 60 மீட்டர் நீள மண்டபத்தைக் கடந்து மறுகரைக் கதவுவரை போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரில் ஷேர் ஆறே எல்லைக்கோடாக இருந்தபோது, முன்வாசல் ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதியில், இந்தக் கதவு அவர்கள் பிடிக்காத பகுதியில். பிறகு கீழே இறங்கி, பாலத்தூணுக்குள் அமைந்த சமையலறையைப் பார்க்க மறக்காதீர்கள்.

மதியத்துக்கு மேல் ஷோமோன். தியானுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு மோசமில்லை என்று போனால் தெரியும். 1992 முதல் ஆண்டுதோறும் இங்கே சர்வதேசத் தோட்ட விழா நடக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து அக்டோபர்வரை, ஒரே கருப்பொருளை வைத்துப் பல நாட்டு வடிவமைப்பாளர்கள் சிறு சிறு தோட்டங்கள் போடுகிறார்கள். சிலது அற்புதம், சிலது வெறும் அலட்டல்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர்: வில்லாந்த்ரி. இங்கே மாளிகைச் சீட்டைத் தவிர்த்துத் தோட்டச் சீட்டு மட்டும் வாங்கினாலும் குறையில்லை. 1906-ல் இதை வாங்கிய ஸ்பெயின்காரர் ஜோவாகிம் கார்வால்லோ, தன் விஞ்ஞான ஆய்வுப் பணியை விட்டுவிட்டு, அங்கே இருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை எடுத்தெறிந்து, 16-ஆம் நூற்றாண்டுப் பாணியில் தோட்டத்தை மறுபடி உண்டாக்கினார். நுழைந்ததும் கீழே நடக்கத் தொடங்காதீர்கள், முதலில் மேட்டுக்கு ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால்தான் கோலம் புரியும். காய்கறித் தோட்டம் ஒரே அளவுள்ள ஒன்பது சதுரங்கள், ஒவ்வொன்றிலும் வேறு வடிவம். நீலம் பாய்ந்த லீக்ஸ், சிவப்பு முட்டைக்கோஸ், பீட்ரூட் இலை, கேரட்டின் இளம்பச்சை என்று எல்லாமே நிறத்துக்காக நட்டவை. வசந்தத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என ஆண்டுக்கு இருமுறை நடுகிறார்கள், அதனால் ஜூன் நடுவில் சில பாத்திகள் வெறும் மண்ணாக இருக்கலாம்.

மாளிகையை ஒட்டிய காதல் தோட்டத்தில் நான்கு சதுரங்கள். மென்மையான காதலுக்கு இதயங்கள், தீவிரக் காதலுக்கு உடைந்த இதயங்கள், நிலையில்லாத காதலுக்கு விசிறிகளும் கொம்புகளும், துயரக் காதலுக்கு வாள்கள். எல்லாம் கத்தரித்த புதர்வேலியில். எது எது என்று மேலே நின்று கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

அங்கிருந்து பத்துப் பதினோரு கி.மீ.யில் அஸே-லெ-ரிதோ, ஆந்த்ர் ஆற்றின் நடுவே ஒரு தீவில். கட்டியவர் அரசின் நிதி அதிகாரி ஜில் பெர்த்தலோ. கணக்கு விவகாரத்தில் மாட்டி ஊரைவிட்டு ஓட, மன்னர் மாளிகையை எடுத்துக்கொண்டார். ஷெனொன்சோவைக் கட்டிய போயேயும் நிதி அதிகாரி, வில்லாந்த்ரியைக் கட்டிய லெ ப்ரெத்தோனும் அப்படியே. கஜானா சாவி வைத்திருந்தவர்கள் வீடு கட்டிய ஊர் இது.

நான்காம் நாள் ஷாம்போர். 1519-ல் தொடங்கியது, 400-க்கும் மேற்பட்ட அறைகள், ஆனால் கட்டிய பிரான்சுவா மன்னர் மொத்தமாகத் தங்கியது சில வாரங்கள்தான். எல்லா அறையையும் பார்க்க முயல வேண்டாம். இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஒருவர் ஒரு வழியிலும் மற்றவர் இன்னொரு வழியிலும் ஏறுங்கள், நடுவிலுள்ள சன்னல்களில் ஒருவரையொருவர் பார்ப்பீர்கள், மேலே போகும்வரை சந்திக்க மாட்டீர்கள். பிறகு நேராகக் கூரை. புகைக்கூண்டுகளுக்கு நடுவே நடந்துவிட்டு இறங்கினால் போதும். 32 கி.மீ. மதில் சூழ்ந்த காடு சுற்றிலும் இருக்கிறது. அந்தி நேரத்தில் மானும் காட்டுப்பன்றியும் சாலையைக் கடக்கும், மெதுவாக ஓட்டுங்கள். தெம்பு மிச்சமிருந்தால் ஷெவெர்னி மாளிகை அருகில்தான்.

படி 7: சாப்பாடு

மதியம் பன்னிரண்டு முதல் ஒன்றரைக்குள் உணவகத்தில் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு மணிக்குமேல் அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு மாலையும் திங்களும் சின்ன ஊர்களில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். நான் பெரும்பாலும் காலையில் பேக்கரியில் ரொட்டி வாங்கி, சந்தையில் சேன்த்-மோர் என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியை வாங்கிக்கொள்வேன். சாம்பல் பூசிய சிறு கட்டை போல இருக்கும், நடுவே ஒரு வைக்கோல் தண்டு செருகியிருக்கும். தண்டை உருவிவிட்டு வெட்டுங்கள். பல பிரெஞ்சுப் பாலாடைக்கட்டிகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். சோறும் சாம்பாரும் இல்லாமல் முடியாது என்பவர்கள், ரயில் ஏறுமுன் பாரிசில் கார் து நோர் நிலையத்தை அடுத்த லா ஷப்பல் பகுதிக்குப் போனால், ஈழத்தமிழர் கடைகளில் பொடி, ஊறுகாய், இடியாப்பம் எல்லாம் கிடைக்கும்.

படி 8: திரும்பும் வழி

காரை சேன்-பியேரிலேயே விட்டுவிட்டு ரயிலில் திரும்புவது சுலபம். ஆனால் கோடைச் சனிக்கிழமை கையில் இருந்தால் காரிலேயே பாரிஸ் பக்கம் ஓட்டி, மெலன் அருகிலுள்ள வோ-லெ-விகோந்த் போகலாம். சுமார் மூன்று மணி நேரம். நிதியமைச்சர் ஃபூக்கே கட்டியது, தோட்டம் லெ நோத்ர் போட்டது. 1661 ஆகஸ்ட் 17 அன்று இங்கே ஃபூக்கே மன்னர் பதினான்காம் லூயிக்குப் பெருவிருந்து வைத்தார், மூன்று வாரத்துக்குள் கைதானார். மன்னரோ அந்தத் தோட்டக்கலைஞரை வெர்சாய்க்குக் கூட்டிப்போனார். மாளிகைப் படியில் நின்றால் தோட்டம் ஒரே சமதளம்போலத் தெரியும். நடக்க நடக்க, இல்லாத இடத்தில் ஒரு பெரிய கால்வாய் திடீரென்று காலடியில் விரியும். கோடைச் சனிக்கிழமை இரவுகளில் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சீட்டை முன்கூட்டியே எடுங்கள்.

இந்த வழியைத் தேர்ந்தால், வேறு ஊரில் காரை விடுவதற்கான கூடுதல் கட்டணத்தைப் பதிவு செய்யும்போதே கேளுங்கள், விடும் இடத்தை விமான நிலையமாகப் போடுங்கள். எரிபொருளை நெடுஞ்சாலை நிலையத்தில் அல்லாமல் சூப்பர்மார்க்கெட் பங்கில் நிரப்புங்கள், விலை குறைவு. ‘கஸோல்’ என்றால் டீசல், ‘எஸ்பி95’ என்றால் பெட்ரோல். மூடியின் உட்புறத்தில் எது என்று ஒட்டியிருக்கும். அலுவலகம் மூடியிருந்து சாவியைப் பெட்டியில் போட வேண்டி வந்தால், வண்டியின் நான்கு பக்கத்தையும் எரிபொருள் முள்ளையும் கிலோமீட்டர் எண்ணையும் படமெடுத்துவிட்டுப் போடுங்கள்.