ரீபில்ட் டைட்டில் கார் வாங்குகிறீர்களா? அடிபட்ட படத்தை முதலில் கேளுங்கள்

சென்ற ஆண்டு என் அக்கா மகன் எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு வந்து சேர்ந்தான். மூன்றாவது வாரமே ஒரு காரின் படத்தை அனுப்பினான். வெள்ளை நிற டொயோட்டா கொரொல்லா, ஐந்து வயது. அதே ஆண்டு மாடல் மற்ற இடங்களில் 15,000 டாலருக்குக் குறையவில்லை. இது 10,500. விளம்பரத்தின் கடைசி வரியில் மட்டும் "ரீபில்ட் டைட்டில்" என்று இருந்தது. "அதனால் ஒன்றும் இல்லையே, மாமா?" என்று கேட்டான்.

கடன் வாங்கிப் படிக்க வந்திருக்கும் பையனுக்கு 4,500 டாலர் என்பது பல மாத வாடகை. அதனால் "அந்தப் பக்கமே போகாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இப்படிச் சேதமாகி, சீர்செய்து விற்கப்படும் கார்களில் நல்லவையும் இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் வாங்கி, ஆறு மாதத்தில் காரையும் பணத்தையும் இழந்த மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான தவறுகளைத்தான் செய்தார்கள்.

முதலில் டைட்டில் என்றால் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். அது காரின் உரிமைப் பத்திரம். விபத்திலோ வெள்ளத்திலோ சேதமான காரைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால், உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும். அப்போது அந்தப் பத்திரத்தில் "சால்வேஜ்" என்ற முத்திரை விழும். பிறகு கார் ஏலத்துக்குப் போகும். யாரோ ஒருவர் எடுத்து, டிங்கரிங் செய்து, பாகங்களை மாற்றி, மாநிலச் சோதனைக்குக் கொண்டுபோய்த் தேறினால் முத்திரை "ரீபில்ட்" என்று மாறும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பது முதல் தவறு. சால்வேஜ் நிலையில் இருக்கும் காரைப் பதிவு செய்யவும் முடியாது, சாலையில் ஓட்டவும் கூடாது. "இன்னும் கொஞ்சம் வேலைதான் பாக்கி, நீங்களே சோதனைக்குக் கொண்டுபோய்க் கொள்ளலாம்" என்று விலையைக் குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கார் வேலை தெரியாதவர் இதில் கை வைக்கவே கூடாது.

முத்திரையை வைத்துச் சேதத்தின் அளவைக் கணிப்பது இரண்டாவது தவறு. எந்த அளவு சேதமானால் சால்வேஜ் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் மதிப்பு 12,000 டாலர், பழுது பார்க்கும் செலவு 9,500 டாலர். அதாவது 79 சதவீதம். நியூயார்க்கில் எல்லை 75 சதவீதம் என்பதால் முத்திரை விழுந்துவிடும். ஃபுளோரிடாவில் 80 சதவீதம் என்பதால் தப்பிவிடும். டெக்சாஸில் செலவு காரின் மதிப்பையே தாண்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் பழுதுச் செலவோடு உடைந்த காரை விற்றால் கிடைக்கும் தொகையையும் கூட்டிப் பார்க்கிறார்கள். உடைந்த கார் 3,000 டாலருக்குப் போகும் என்றால் கூட்டுத்தொகை 12,500, ஆகவே அங்கே முத்திரை உண்டு. ஒரே கார், ஒரே அடி, இரண்டு மாநிலங்களில் கறை, இரண்டு மாநிலங்களில் சுத்தம்!

இதிலிருந்து தெரிவது இதுதான்: முத்திரை உள்ள கார் எல்லாம் குப்பையும் இல்லை, முத்திரை இல்லாத கார் எல்லாம் அடிபடாததும் இல்லை. பழைய காரின் மதிப்பே குறைவு என்பதால் இரண்டு கதவுகள் நசுங்கினாலே அது சால்வேஜ் ஆகிவிடலாம். விலை உயர்ந்த புதிய கார் சால்வேஜ் ஆகியிருந்தால் அடி மிகப் பலமாக இருந்திருக்க வேண்டும். மூன்று வயதுக் கார் ரீபில்ட் முத்திரையோடு பளபளவென்று நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஆசை வருவதில்லை, பயம்தான் வருகிறது.

"மாநில அரசே சோதித்து அனுமதித்திருக்கிறதே" என்ற நம்பிக்கை எல்லாவற்றிலும் ஆபத்தானது. பல மாநிலங்களில் அந்தச் சோதனையின் நோக்கமே வேறு. ஒஹையோவில் மாநில நெடுஞ்சாலைக் காவல் துறை ரீபில்ட் காரைப் பார்ப்பது, திருட்டுப் பாகங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதற்காக. காரின் அடையாள எண்ணான வின் எண்ணையும் பாகங்கள் வாங்கிய ரசீதுகளையும் சரிபார்ப்பார்கள். நியூயார்க்கிலும் அப்படித்தான். வெல்டிங் உறுதியாக இருக்கிறதா, ஏர்பேக் வேலை செய்யுமா என்று அங்கே யாரும் உறுதி தருவதில்லை. மற்றக் கார்களுக்கும் ஒஹையோவில் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. டெக்சாஸும் 2025 ஜனவரி முதல் சாதாரணக் கார்களுக்கு அதை நிறுத்திவிட்டது. ஆக, உங்கள் மெக்கானிக் பார்க்காவிட்டால் வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் அந்த ஒஹையோ சோதனையால் நமக்கு ஒரு நன்மை உண்டு. மாற்றிய பாகங்களுக்கு ரசீது காட்டாமல் அதில் தேற முடியாது. அப்படியென்றால் காரைச் சீர்செய்து விற்பவரிடம் ரசீது இருந்தே தீர வேண்டும். "எங்கேயோ போட்டுவிட்டேன்" என்பார். நகலாவது கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

அடிபட்ட படம்

ரசீதைவிட முக்கியமானது பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படம். இதைக் கேட்காமல் விலை பேசுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறு என்பேன். பெயின்ட் அடித்த பிறகு எல்லாக் காரும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின்பக்கப் பம்பர் உடைந்த காரா, எஞ்சின் வரை நசுங்கிய காரா என்பதை அந்தப் படம் மட்டுமே சொல்லும். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் தாங்களே படங்களை எடுத்து வைத்திருப்பார்கள், கேட்பதற்கு முன்பே காட்டுவார்கள்.

நாங்கள் இருவரும் காரைப் பார்க்கப் போனபோது கொரொல்லாக்காரர், "முன்பம்பரில் சின்ன இடி, அவ்வளவுதான். படம் எடுக்கவில்லை" என்றார். என் மருமகன் கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் இருந்த 17 எழுத்து வின் எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கேயே கைப்பேசியில் தேடினான். காப்பார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற பெரிய ஏல நிறுவனங்களில் விற்பனைக்கு வந்த கார்களின் படங்கள் பெரும்பாலும் இணையத்தில் எங்காவது தங்கிவிடும். இந்தக் காரும் கிடைத்தது. முன்பகுதி எஞ்சின் பக்கமாக மடிந்திருந்தது. ஓட்டுநர் பக்கமும் அடுத்த இருக்கைப் பக்கமும் ஏர்பேக் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் ஒன்றும் பேசாமல் கைப்பேசியை என்னிடம் நீட்டினான்.

படத்தோடு ஆவணத்தையும் பாருங்கள். என்.ஐ.சி.பி. என்னும் காப்பீட்டுக் குற்றத் தடுப்பு அமைப்பின் வின்செக் சேவை இலவசம். அமெரிக்க நீதித்துறையின் கீழ் இயங்கும் என்.எம்.வி.டி.ஐ.எஸ். தகவல் தொகுப்பிலிருந்து சில டாலர்களுக்கு அறிக்கை வாங்கலாம். ஒரு மாநிலத்தில் விழுந்த முத்திரையை, காரை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதுப் பத்திரம் எடுத்து மறைக்கும் மோசடியைப் பிடிக்க இது உதவும். இரண்டு அறிக்கைகளிலும் ஒன்றும் வரவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடாதீர்கள். காப்பீட்டில் இழப்பீடு கோராமல் சொந்தச் செலவில் சரிசெய்த விபத்து எந்தப் பதிவிலும் ஏறாமல் போகலாம்.

ஏர்பேக்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல. வெடித்த ஏர்பேக்குகளை முறையான புதிய பாகம் வாங்கி மாற்றினால் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். லாபத்துக்காக வாங்கி விற்பவர் கை வைக்கும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும். சிலர் வெறும் மூடியை மட்டும் ஒட்டிவிடுவார்கள். சிலர் மலிவான போலிப் பாகத்தைப் போடுவார்கள். 2024 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில், விபத்துக்குப் பின் தரமற்ற ஏர்பேக் பாகம் மாற்றப்பட்ட கார்களில் மூன்று பேர் இறந்தார்கள், இரண்டு பேர் மிக மோசமாகக் காயமடைந்தார்கள். அந்தப் பாகம் வெடித்து, உலோகத் துண்டுகள் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. உயிர் பிழைத்திருக்கக்கூடிய விபத்துகள் அவை.

காரில் உட்கார்ந்ததும் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம், விளக்கையே யாரோ துண்டித்திருக்கலாம். கொரொல்லாவில் விளக்கு எரியவே இல்லை. ஆனால் ஒழுங்காக எரிந்து அணைவதும் முழு உறுதி ஆகாது. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ரெசிஸ்டர் என்னும் சிறு மின்பாகத்தைப் பொருத்திக் காரின் கணினியையே ஏமாற்றுபவர்கள் உண்டு. ஆகவே ஏர்பேக் வெடித்த கார் என்று தெரிந்தால், எந்தப் பாகம் எங்கே வாங்கியது என்ற ரசீது கையில் வராமல் அந்தக் காரை வாங்காதீர்கள். மோதும்போது இருக்கைப் பட்டையை இறுக்கிப் பிடிக்கும் இழுவைக் கருவியும் அதே அடியில் பெரும்பாலும் வெடித்திருக்கும். அதையும் மாற்றினார்களா என்று கேளுங்கள்.

தண்ணீரில் நின்ற கார்

2015 டிசம்பரில் சென்னையில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவித் துடைத்து ஓட்டிவிடலாம். ஆனால் ஒயர் இணைப்புகளுக்குள் ஏறிய துரு மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். முதலில் கண்ணாடி இறங்காது, பிறகு விளக்கு எரியாது, பிறகு ஒரு நாள் நெடுஞ்சாலையில் வண்டியே நின்றுவிடும். கடல்நீர் என்றால் இன்னும் மோசம். 2022இல் ஃபுளோரிடாவை ஈயன் புயல் தாக்கிய பிறகு, உப்பு நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில தாமாகவே தீப்பிடித்தன. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் மூழ்கியவை ஏராளம். அப்படி மூழ்கும் கார்கள் புயல் வந்த ஊரிலேயே விற்பனைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம்.

இருக்கைப் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, அதனால் யாரும் அங்கே கழுவுவதுமில்லை. வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் பழுப்புக் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது. உற்பத்தித் தேதி உள்ள சீட்டையும் தேடுங்கள். காரைவிடப் பட்டை புதியது என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் இருக்கிறதா, இருக்கைக்குக் கீழே உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழைய காரில் புத்தம் புதிய தரைவிரிப்பும் மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியமும் சேர்ந்திருந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

மற்றச் சோதனைகளைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம், ஆனால் அவர் விற்பவர் சொல்லும் மெக்கானிக்காக இருக்கக்கூடாது. காரை லிஃப்டில் ஏற்றி, அடிச்சட்டத்தில் பற்றவைத்த இடங்களையும் பட்டி வைத்த இடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கணினியில் பழுதுக் குறிகளை அன்று காலைதான் அழித்தார்களா என்பதும் அவர் கருவியில் தெரிந்துவிடும். புதிய கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் பம்பருக்குள் ரேடாரும் இருக்கும். அடிக்குப் பிறகு அவற்றைத் திரும்ப அளவு சரிசெய்யாவிட்டால் தானியங்கிப் பிரேக் தவறான நேரத்தில் பிடிக்கும், அல்லது பிடிக்காமலே போகும். மெக்கானிக்கின் சோதனைக்காகும் ஓரிருநூறு டாலரை மிச்சம் பிடிக்கக் கூடாது.

காப்பீட்டை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் தவறு. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான கட்டாயக் காப்பீடு எளிதில் கிடைக்கும். உங்கள் காருக்கான முழுக் காப்பீட்டைச் சில நிறுவனங்கள் ரீபில்ட் காருக்குத் தருவதில்லை. தந்தாலும் இழப்பீடு குறைவாகவே வரும். பணம் கொடுப்பதற்கு முன் வின் எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பல வங்கிகள் இந்தக் கார்களுக்குக் கடன் தருவதில்லை. தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதமும் பெரும்பாலும் செல்லாது.

விலையில் ஏமாறுபவர்களும் அதிகம். இப்படிப்பட்ட காரின் மதிப்பு சாதாரணக் காரைவிட 20 முதல் 40 சதவீதம் வரை குறைவு என்பது சந்தைக் கணக்கு. பத்து சதவீதம் குறைத்துக்கொண்டு "உங்களுக்காக" என்பவரிடம் பேசிப் பயனில்லை. விற்கும்போது நீங்களும் அதே தள்ளுபடியைக் கொடுக்க வேண்டும், வாங்க ஆளும் மெதுவாகத்தான் வருவார்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டில் வேறு மாநிலத்துக்கு ஓடப்போகும் மாணவருக்கு ஒரு வாரத்தில் விற்றாக வேண்டிய நிலை வரும். உடைந்து ஓய்கிறவரை ஓட்டப்போகிறவருக்கே இந்தக் கார் லாபம்.

பத்திரத்தில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "நண்பரின் கார், அவர் ஊரில் இல்லை, கையெழுத்து ஏற்கெனவே போட்டுவிட்டார்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒஹையோவில் விற்பவர் நோட்டரி முன்னால்தான் கையெழுத்திட வேண்டும். கவுண்டி (மாவட்ட) டைட்டில் அலுவலகத்திலேயே சந்தித்து, பத்திரம் கைமாறும்போது பணத்தைக் கொடுப்பது நல்லது.

கொரொல்லாவை விட்டுவிட்டு வந்த ஆறு வாரம் கழித்து என் மருமகன் ஒரு ஹோண்டா சிவிக் வாங்கினான். அதுவும் ரீபில்ட்தான். விற்றவர் ஒரு கோப்பைக் கொண்டுவந்தார். இடது பக்கக் கதவுகள் இரண்டும் நசுங்கிய படங்கள், ஏர்பேக் எதுவும் வெடிக்காத உள்பக்கப் படங்கள், கதவுகள் வாங்கிய ரசீது, சக்கரச் சீரமைப்பு அறிக்கை எல்லாம் அதில் இருந்தன. எங்கள் மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வெள்ளி நிறக் கார். மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் அந்த இரண்டு கதவுகளும் ஒரு சாயல் அடர்த்தியாகத் தெரியும்.