கண்டிஜென்சிக்கு '10 விழுக்காடு' போடுவதை விட்டுவிட்டு எக்செல்லில் கணக்குப் போடுவது எப்படி?

கட்டட வேலையின் பிகியூ (ஒவ்வொரு வேலையின் அளவும் விலையும் வரிவரியாக வரும் பட்டியல்) முடிந்து ரேட்டும் போட்டாச்சு, கடைசி வரியில் கண்டிஜென்சி, அதாவது எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கும் தொகை, எவ்வளவு என்று கேட்டால் "10 விழுக்காடு போட்டுக்கோ" என்பார்கள் சீனியர்கள். ஏன் 10 என்று பாஸ் கேட்டால் பதில் இருக்காது.

முதலில் மொத்தத்தை ஆட்டக்கூடிய வரிகளை மட்டும் எடுங்கள்: பைலிங் (அடித்தளத்துக்காக மண்ணுக்குள் ஆழமாகத் தூண் இறக்குவது), கம்பி, கான்கிரீட், ஆள்கூலி. பெயின்டை விடுங்கள். சிங்கப்பூரில் காலாங் பக்கம் கடல் களிமண் இருக்கும் இடங்களில் பைல் எவ்வளவு ஆழம் போகும் என்பது பக்கத்துப் பக்கத்துத் துளையிலேயே மாறும், அதனால் அந்த வரிக்கு அகலமான வீச்சு கொடுங்கள்.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று தொகை: குறைந்தது, பெரும்பாலும் வருவது, அதிகபட்சம். நடுத்தொகையை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் சராசரி. அதிகபட்சத்தில் குறைந்ததைக் கழித்து ஆறால் வகுத்தால் விலகல். 91,000, 100,000, 139,000 வெள்ளி என்றால் சராசரி 105,000, விலகல் 8,000.

இப்போது வம்பு பிடித்த இடம். தளம், தூண், பீம், பைல் கேப் (பைல்களின் தலையை இணைக்கும் கான்கிரீட்) என்று கம்பி நான்கு வரியில் வருகிறது, நான்குக்கும் இதே தொகைகள் என்று வைத்துக்கொள்வோம். விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள் என்று பாடத்தில் சொல்வார்கள், அப்படிச் செய்தால் 16,000 வரும். ஆனால் அது ஒரு வரி ஏறும்போது இன்னொன்று இறங்கலாம் என்கிற கணக்கு. கம்பி விலை ஏறினால் நான்கும் சேர்ந்துதானே ஏறும்? அதனால் நேராகக் கூட்டுங்கள், 32,000. ஒரே காரணத்தால் ஆடும் வரிகளை இப்படி ஒரே குழுவாக்கிவிட்டு, குழுக்களுக்கு இடையே மட்டும் வர்க்கமூலம் போடுங்கள்.

பத்தில் எட்டு முறை பட்ஜெட் தாங்க வேண்டுமென்றால் சராசரியோடு 0.84 மடங்கு விலகலைச் சேருங்கள். கம்பிக்கு மட்டும் 420,000 + 26,880 = 446,880. பிகியூவில் இருப்பது 400,000, ஆக கண்டிஜென்சி 46,880. ஆயிரக்கணக்கான முறை தற்செயலாகத் தொகைகளை மாற்றிப் பார்க்கும் மான்டே கார்லோ மென்பொருளுக்குக் காசு கொடுப்பது சின்ன வேலைக்கு வீண், எக்செல் போதும்.

2007-ல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியை நிறுத்தியது போன்ற அடியை இதற்குள் திணிக்காதீர்கள், டெண்டரே ஜெயிக்காது. விலை ஏற்ற இறக்க விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கொட்டேஷன் செல்லுபடியாகும் நாளைச் சுருக்குங்கள்.

பின்சேர்க்கை: சப்கான் (துணை ஒப்பந்தக்காரர்) கொட்டேஷனை எந்தத் தொகையாக எடுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் அவர் தன் பயத்தையும் சேர்த்திருப்பார், எனவே நிலையான விலை கொடுத்திருந்தால் அந்த வரிக்கு விலை வீச்சு வேண்டாம், அளவு மாறுமா என்று மட்டும் பாருங்கள். பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு, அது தெரிந்த செலவு, கண்டிஜென்சியில் கலக்காமல் தனி வரியாகப் போடுங்கள்.