வேலி எழும் வரிசை: குடும்ப நாடகத்தில் தடைக் குறியீட்டை ஆராய்வது எப்படி?

குடும்ப நாடகம் ஒன்றில் சுவரோ கதவோ வேலியோ திரும்பத் திரும்ப வரும்போது, அதற்கு உடனே ஒரு பொருளைச் சூட்டிவிட்டு மேலே செல்வது மாணவர் கட்டுரைகளில் பரவலாகக் காணப்படும் பழக்கம். ‘வேலி இனப்பாகுபாட்டைக் குறிக்கிறது’ என்று எழுதியதுமே ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. அந்தத் தடை யார் கேட்டு, யார் கையால், எந்த நிகழ்ச்சிகளுக்கு நடுவே உருவாகிறது என்று வரிசையாகப் பார்த்தால் நாடகம் முழுவதும் ஆராய்ச்சிக்குள் வரும். இம்முறையைப் பழகுவதற்கு அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ (‘வேலிகள்’) மிகவும் ஏற்றது. 1985இல் யேல் ரெப்பர்டரி அரங்கில் மேடையேறி, 1987இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்து, அவ்வாண்டே புலிட்சர் பரிசும் பெற்ற இந்நாடகத்தில், வேலி கடைசிக்கு முந்தைய காட்சி வரை கட்டி முடியாமலே கிடக்கிறது.

முதலில் மேடைக்குறிப்பைப் படியுங்கள். 1957ஆம் ஆண்டு, பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பின மக்களின் குடியிருப்பு. மண் முற்றம், பாதி மட்டும் அடைத்த வேலி, மரம் அறுக்கும் தாங்கி, ஒரு பலகைக் குவியல். எதிரே மரக்கிளையில் தொங்கும் கந்தல் பந்து, அடிமரத்தில் சாய்ந்து நிற்கும் பேஸ்பால் மட்டை. இவை ஒருவரும் வாய் திறக்கும் முன்பே பார்வையாளரின் கண்ணில் படுபவை. அச்சுப் பிரதியைப் படிப்பவர் இவற்றை இரண்டு பக்கங்களில் மறந்துவிடுவார் என்பதால், முற்றத்தைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அடுத்து, வேலி பேச்சில் வரும் இடங்களை மட்டும் தனியே குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே பேசுபவரின் பெயரை எழுதுங்கள். வேலியைக் கேட்டவள் நாயகன் ட்ராயின் மனைவி ரோஸ். துணி உலர்த்தியபடி அவள் பாடும் பக்திப் பாடலில் ஏசுவே அவளைச் சுற்றி நிற்கும் வேலியாகிறார். மகன் கோரிக்கோ அது அப்பா சுமத்திய சனிக்கிழமை வேலை. ரோஸுக்கு வேலி எதற்கு என்று கோரியும் ட்ராயும் விளங்காமல் நிற்கும்போது, சிலர் பிறரை வெளியே நிறுத்தவும் சிலர் தம்மவரை உள்ளே வைத்துக்கொள்ளவும் வேலி கட்டுகிறார்கள் என்று விளக்குபவர் ட்ராயின் நண்பர் போனோ. கட்டுரைகளில் அதிகம் எடுத்தாளப்படும் பேச்சு இதுதான். அதனாலேயே இங்கு எச்சரிக்கை தேவை. அது ஒரு பாத்திரத்தின் கருத்து மட்டுமே; ஆசிரியரின் தீர்ப்பாக அதைக் கொள்ளக் கூடாது.

மூன்றாவது படியில்தான் உழைப்பு அதிகம். பலனும் அதற்கேற்ப மிகுதி. வேலை நடந்த அளவை ஒரு பத்தியிலும், குடும்பத்தில் நடந்ததை அடுத்த பத்தியிலுமாக எழுதி ஒப்பிடுங்கள். ரோஸின் ஆசையைப் போனோ விளக்கிய அதே காட்சியில், ஆல்பர்ட்டா என்ற பெண் தன் குழந்தையைச் சுமக்கிறாள் என்று ட்ராய் மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். பிரசவத்தில் ஆல்பர்ட்டா இறந்த செய்தி வந்ததும் அவன் மரணத்தையே அழைத்து, தனக்கு உரியவற்றைச் சுற்றி வேலி போடப்போவதாகவும் மரணம் அதற்கு அப்பால் நிற்க வேண்டும் என்றும் சூளுரைக்கிறான். மனைவி கேட்டு மாதக்கணக்காக இழுபட்ட வேலை அதன் பிறகே முடிகிறது. முடிந்த நேரத்தில் உள்ளே யார் இருக்கிறார்கள்? போரில் தலையில் காயம்பட்ட தம்பி கேப்ரியல் மருத்துவமனையில். போனோவின் வருகை அருகிவிட்டது. ரோஸ் வீட்டில் இருந்தாலும் மனைவியாக இல்லை. கோரியும் கடைசிக்கு முந்தைய காட்சியில் வெளியேற்றப்படுகிறான். காக்க வேண்டியவர்கள் விலகிய பிறகு காவல் முழுமை பெறுவதை இந்த ஒப்பீடு இல்லாமல் கவனிப்பது கடினம்.

கேப்ரியலுக்குப் போர்க்காயத்திற்காகக் கிடைத்த 3,000 டாலரைக் கொண்டுதான் அந்த வீடே ட்ராய்க்குக் கிடைத்தது என்று அறியும் தமிழ் வாசகருக்கு, வேலியே பயிரை மேய்ந்த பழமொழி நாவில் வந்து நிற்கும். பொருத்தமானதுதான். ஆனால் அதை ஏற்றால் ட்ராயே வேலியாகிவிடுவான். அவன் வேலிக்கு உள்ளே சிக்கியவனும்கூட என்பது மறைந்துபோகும்.

பெயர் பெறாத தடைகளையும் தேட வேண்டும். ட்ராய் படிக்கட்டில் உட்கார்ந்திருக்க, கோரி உள்ளே போக வழி கேட்கும் இடத்தில், ஒரு மனித உடல் தடையாகிறது. அங்கிருந்து தொடங்கும் சச்சரவு பேஸ்பால் மட்டையைப் பறித்துக்கொள்ளும் வரை வளர்கிறது. மட்டைக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்கில் பேஸ்பால் ஆடிய ட்ராய், கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் 1947இல் நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் நுழைந்தபோது நாற்பதைக் கடந்திருந்தான். நிறத்தடையால் தனக்கு நேர்ந்தது மகனுக்கும் நேரும் என்று நம்பி, கோரியின் அமெரிக்கக் கால்பந்து வாய்ப்பைத் தானே அடைக்கிறான். இனப்பாகுபாட்டை இந்த இடத்தில் கொண்டுவந்தால் வாதம் வலுப்பெறும். அதுவே கட்டுரையின் முதல் வரியாக வந்தால் வெறும் முழக்கமாகிவிடும்.

எதிர்ச்சொல்லையும் தேடுங்கள். தன்னைத் தலைமைத் தூதனாக எண்ணும் கேப்ரியல் சொர்க்கவாசலைத் திறக்கக் கொம்பூத முயலும் 1965ஆம் ஆண்டுக் காட்சி, வேலிக்கு மறுமொழியாக ஒரு வாயிலை வைக்கிறது. கொம்பில் வாய்ப்பகுதி இல்லாததால் ஒலி எழவில்லை என்பதைத் தவறாமல் குறியுங்கள். வாசல் எதனால் திறக்கிறது என்பதை அவனது ஆட்டத்தில்தான் தேட வேண்டும்.

கடைசியாக, உங்கள் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதிச் சோதியுங்கள். ‘அன்பின் பொருட்டு கேட்கப்பட்ட வேலி, அச்சத்தின் பொருட்டு முடிக்கப்பட்டதால் காலியான முற்றத்தைக் காக்கிறது’ என்று எழுதினால், அதற்கு எதிர்ச்சான்றாக ஆல்பர்ட்டா பெற்ற மகள் ரெய்னெல் நிற்கிறாள். வெளியே பிறந்து, ரோஸின் கைக்கு வந்த அக்குழந்தை, இறுதிக் காட்சியில் அதே முற்றத்தில் தான் விதைத்த செடி முளைத்ததா என்று பார்க்கிறாள். விரட்டப்பட்ட கோரியும் தந்தையின் இறுதிச்சடங்கு நாளில் அங்கேதான் திரும்பி வருகிறான். இவ்விருவருக்கும் இடம் தரும்படி வாக்கியத்தைத் திருத்தி எழுதிய பிறகே கட்டுரையைத் தொடங்குங்கள்.