இரைப்பை பேண்டைத் தளர்த்திய பிறகு எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது: முதல் ஆறு வாரம்

எடை குறைய இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் வளையம்தான் பேண்டு. சலைன் (உப்பு நீர்) ஏற்றினால் அது இறுகும், எடுத்தால் தளரும். அப்படிச் சலைனை எடுத்த சில நாட்களிலேயே பசி திரும்பிவிடும். ஒன்றரை இட்லியோடு கை கழுவியவருக்கு நான்கு இட்லி சாப்பிட்டும் போதாது. பாடுபட்டுக் குறைத்ததெல்லாம் போய்விடுமோ என்ற பயம் அப்போது வரும். அந்தப் பசிக்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். இறுக்கமாக இருந்த வளையம் இரைப்பைச் சுவரை மெல்ல அழுத்தி, நரம்பு வழியாக மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சலைன் போனதும் அந்தச் சேதி நின்றுவிட்டது, அவ்வளவுதான். அது மறுபடி வரும்வரை, போதும் என்பதை உங்கள் தட்டு சொல்ல வேண்டும்.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: ஏன் தளர்த்தினார்கள், எத்தனை மி.லி. எடுத்தார்கள், உள்ளே எத்தனை மி.லி. மிச்சம், மறுபடி எப்போது வர வேண்டும். காரணத்தைப் பொறுத்துக் காலம் மாறும். பேண்டுக்கு மேலே சிறு பை போல உள்ள இரைப்பைப் பகுதி வீங்கியிருந்தாலோ, உணவுக்குழாய் விரிந்திருந்தாலோ, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ஓய்வு கொடுத்து, பேரியம் குடிக்கவைத்து எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் மறுபடி சலைன் ஏற்றுவார்கள். கர்ப்பத்துக்காகத் தளர்த்தியிருந்தால் கணக்கே வேறு. எடை ஏறத்தான் வேண்டும். எவ்வளவு என்பதை மகப்பேறு மருத்துவர் சொல்வார். இந்த வழிமுறை கர்ப்பிணிகளுக்கு இல்லை.

முதல் வாரத் தராசை நம்பாதீர்கள். பேண்டு மிக இறுக்கமாக இருந்து, வாந்தியும் நீர்ச்சத்துக் குறைவுமாக இருந்தவர்களுக்கு ஒன்றிரண்டு கிலோ சட்டென ஏறும். அதில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருக்கும் உணவும்தான். ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவுக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். நான்கு நாளில் இரண்டு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால் தினமும் கிட்டத்தட்ட 3,850 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் அப்படிச் சாப்பிடவில்லை. ஆகவே ஏழாம் நாள் காலை, கழிவறை போய்வந்த பின், காபிக்கு முன், மெல்லிய உடையில் நின்று பார்க்கும் எடையை அடிப்படையாக வையுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே தராசு. அடிப்படையை விட இரண்டு கிலோ கூடி, அது இரண்டு வாரம் இறங்காமல் நின்றால், குறித்த தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தைக் குறைத்திருந்தவர்கள் தராசோடு குளுக்கோமீட்டரையும் பார்க்க வேண்டும். சாப்பாடு கூடினால் சர்க்கரையும் கூடும்.

இனி சாப்பாடு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள், அதுவும் எதிர்பாராத இடத்தில். அளவுக்கு மீறி இறுகிய பேண்டில் கோழியும் சப்பாத்தியும் இறங்காது. வழுக்கிக்கொண்டு இறங்குவது ஜவ்வரிசிப் பாயசம், ஐஸ்கிரீம், மாம்பழ ஜூஸ், வாயிலேயே கரையும் நொறுக்குத்தீனி. மாதக்கணக்கில் அதையே தின்று நாக்கு பழகியிருக்கும். இறுக்கம் இருந்தும் எடை ஏறியவர்கள் நிறையப் பேருக்கு இதுதான் காரணம். ஜவ்வரிசி சேலத்துச் சொத்துதான், ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி, புரதம் பேருக்குக்கூட இல்லை. சாயங்காலத் தட்டுவடை செட்டிலும் இதே சிக்கல். தட்டுவடை நன்றாக மென்றால் மாவாகிவிடும், பேண்டில் நிற்காது, எத்தனை செட் போனது என்று வயிறு சொல்லாது. ஆசை விடவில்லையென்றால் ஒரே செட், அதுவும் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூழையும் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள்.

தளர்ந்த பேண்டு உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் தருகிறது. இத்தனை நாள் இறங்காத கெட்டி உணவு இப்போது இறங்கும். மருத்துவர் கெட்டி உணவுக்கு அனுமதி கொடுத்ததும் கூழ், கஞ்சி, ஜூஸிலிருந்து வெளியே வாருங்கள். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்கவும். ஒரு நாள் இப்படிப் போகலாம்: காலையில் இரண்டு அவித்த முட்டை, ஒரு இட்லி, கெட்டிச் சாம்பார். மதியம் முள் எடுத்த மேட்டூர் கட்லாவோ கோழியோ வெந்த எடையில் 100 கிராம், அரைக் கிண்ணம் காய், மூன்று மேசைக்கரண்டி சோறு. சாயங்காலம் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், 100 கிராம் தயிர். இரவு மீல்மேக்கர் 30 கிராம், ஊறவைக்கும் முன் எடை போட்டது, குழம்பில். கூட ஒரு சின்ன ராகி தோசை. கூட்டினால் 60 கிராம் தேறிவிடும். சைவக்காரர்கள் முட்டைக்குப் பதில் 60 கிராம் பச்சைப்பயறு ஊறவைத்து அரைத்த அடையும், மீனுக்குப் பதில் 100 கிராம் பனீரும் வைக்கலாம்.

தட்டு முக்கியம். சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, டிபன் தட்டு ஒன்றை உங்களுக்கென்று ஒதுக்குங்கள். 200 மி.லி. கிண்ணம் ஒன்றும் வேண்டும். முதலில் கிண்ணத்தில் அளந்து, பிறகு தட்டில் கொட்டுங்கள். ஒரு வேளைக்கு ஒரு கிண்ணம், மிஞ்சினால் ஒன்றேகால். மீனோ பருப்போ முதலில், காய் அடுத்து, சோறு கடைசி. ஒரு வாய் என்பது கட்டைவிரல் நகம் அளவு. இருபது தடவை மென்று விழுங்கி, கையைத் தட்டிலிருந்து எடுத்துச் சற்று நில்லுங்கள். 20 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். சாப்பிடும்போதும், பிறகு அரை மணி நேரமும் தண்ணீர் வேண்டாம். குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கரைத்துச் சாப்பிட்டால் அதுவும் நீர்தான்: பை சீக்கிரம் காலியாகி ஒரு மணியில் பசிக்கும். கிண்ணம் முடிந்தும் பசித்தால் பத்து நிமிடம் பொறுத்து, அரைக் கிண்ணம் காய் மட்டும்.

‘இப்ப இறங்குதான்னு பார்ப்போம்’ என்று பரோட்டாவையோ பெரிய இறைச்சித் துண்டையோ சோதித்துப் பார்க்காதீர்கள். காலியான பேண்டும் வளையம்தான். மெல்லாத துண்டு மாட்டும். வீட்டில் அம்மாவோ அத்தையோ ‘இப்பத்தான் கண்ணு நல்லாச் சாப்பிடறே’ என்று இன்னொரு கரண்டி வைப்பார்கள். பாசம்தான். அவர்களிடம் கிண்ணத்தைக் காட்டி முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தட்டில் விழுந்த பிறகு மறுப்பது கஷ்டம்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றி வாந்தி எடுப்பவராக இருந்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது கழித்துக் கிளம்புங்கள். முன் இருக்கையில் உட்காருங்கள். பயண மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பத் திரும்பக் குமட்டி எடுத்தால் இரைப்பை பேண்டுக்குள் நழுவி மேலேறும் ஆபத்து உண்டு.

தளர்த்திய பிறகும் வாந்தி நிற்காவிட்டால், தண்ணீர்கூட இறங்காவிட்டால், மேல்வயிற்றில் கடும் வலி வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், பேண்டு நழுவியிருக்கலாம். காய்ச்சலோடு போர்ட் (சலைன் ஏற்றவும் எடுக்கவும் தோலுக்கடியில் வைத்த சிறு குப்பி) இருக்குமிடம் சிவந்து வலித்தாலும் அன்றே காட்டுங்கள். வாந்தி இரண்டு மூன்று வாரம் நீடித்தவருக்கு வைட்டமின் பி1 வற்றிவிடும். கால் மரத்துப்போவது, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம் அதன் அறிகுறிகள். அப்படிப்பட்டவருக்கு குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் (பி1) ஊசி போட வேண்டும். கூட வருபவர் இதை வாய் திறந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் பேண்டு போட்டவர்கள் இப்போது குறைவு. பணியில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்தே இல்லாமலும் இருக்கலாம். போர்ட்டில் சாதா ஊசி குத்தினால் அதன் ரப்பர் கிழிந்து கசியலாம். ரப்பரைக் கிழிக்காத ஹூபர் ஊசிதான் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். பேண்டின் பெயர், மொத்தக் கொள்ளளவு, உள்ளே உள்ள மி.லி. எழுதிய அட்டை பர்ஸில் இருக்கட்டும்.

மறுபடி ஏற்றும் நாளில், சலைன் ஏற்றும் முன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து அளக்கச் சொல்லுங்கள். நோட்டில் 4 மி.லி. என்றிருந்து 2.5 மி.லி. மட்டுமே வந்தால் எங்கோ கசிகிறது; பசிக்கும் எடைக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். ‘எடை ஏறிடுச்சு, நல்லா இறுக்கிவிடுங்க’ என்று கேட்கவே கேட்காதீர்கள். பழைய கதைக்கே, பாயசத்துக்கே திரும்ப நேரும். அரையிலிருந்து ஒரு மி.லி. வரை படிப்படியாக ஏற்றுவதே நல்லது. ஒரு கிண்ணம் கெட்டி உணவில் நிறைந்து, அடுத்த வேளைவரை பசி தெரியாமல், இரவில் இருமலும் நெஞ்செரிச்சலும் இல்லாமல் இருந்தால் அதுவே சரியான இறுக்கம்.

பேண்டு இனி பயன்படாது என்று தெரிந்தால் அதை எடுத்துவிட்டு, சில மாதம் கழித்து இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அல்லது இரைப்பை பைபாஸ் அறுவைசிகிச்சைக்கு மாறலாம். 2025ல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைட், செமாகுளுடைட் என்ற, எடை குறைக்கும் வாராந்திர ஊசிகளும் சிலருக்குப் பொருந்தும். பேண்டு உள்ளே இருப்பதைச் சொல்லித்தான் இதைக் கேட்க வேண்டும். இரண்டுமே குமட்டல் தரக்கூடியவை.

சலைன் ஏற்றிய உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துக் காட்டிவிட்டே கிளம்புங்கள். நெஞ்சில் நின்றால் அங்கேயே கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால், கோவைக்கோ பெங்களூருக்கோ போய்க் காட்டும் சேலத்துக்காரர்கள் காலை நேரமாகவே கேட்டு வாங்குங்கள். மத்தியானம்வரை அந்த ஊரிலேயே இருந்து, மோர் இறங்குகிறதா என்று பார்த்த பிறகு ரயிலேறுங்கள். இரண்டு நாள் நீராகாரம், அடுத்த இரண்டு நாள் மசித்தது, ஐந்தாம் நாள் மறுபடி அதே கிண்ணம்.